முப்பத்தோராம் நாளில் ஒரு போட்டி

என் தம்பி இறந்த செய்தி வந்தபோது நான் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. போரின் கடைசி மாதங்கள் அவை. குண்டசாலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடி வீட்டில் குசினி யன்னலடியில் மட்டும்தான் கைபேசி ஒழுங்காகக் கேட்கும். அதனால் என் கணவர் குசினிக்குள் வந்து நின்று பேசினார். "ஓம்... ஓம்... எப்ப?... ஓம்" என்றார். ஒரு நிமிடம்கூட இராது. பேசி முடித்துக் கைபேசியை யன்னல் கட்டின் மேல் வைத்தார்.

"வவுனியா ஆஸ்பத்திரியில இருந்து ஒராள் கதைச்சவர். காயப்பட்டு வெளியில வந்தவராம். உம்மட தம்பியார் மோசம் போயிட்டாராம். செல் குண்டு விழுந்ததாம்."

"எப்பவாம்?"

"முந்தின வெள்ளிக்கிழமை. இண்டைக்குப் பத்தாம் நாள்."

"பிள்ளையள்?"

"பிள்ளையளும் தாயும் இருக்கினமாம். அவ்வளவுதான் சொன்னவர். போன் கட்டாயிட்டுது."

மிச்சம் இருந்த இரண்டு கிழங்கையும் சீவி முடித்தேன். கறி வைத்தேன். மத்தியானம் இருவரும் சாப்பிட்டோம். அவர் பாதியில் கை கழுவிவிட்டார். நான் வழமைபோலச் சாப்பிட்டேன். பின்னேரம் உடுப்புத் தோய்த்தேன். எனக்குள் ஏதாவது நடக்கும் என்று இரவு வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான். என்னைவிட ஆறு வயது இளையவன். கிளிநொச்சிப் பக்கத்தில் தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் மெசின்களைத் திருத்திக்கொடுத்து வாழ்ந்தான். அங்கேயே கல்யாணம் முடித்தான். இரண்டு பெண் பிள்ளைகள். சமாதான காலத்தில் ஒருமுறை கண்டிக்கு வந்து ஒரு கிழமை நின்றான். "இந்தக் குளிருக்குள்ள எப்பிடியக்கா இருக்கிறாய்?" என்று என் கணவரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பகல் முழுவதும் போர்வைக்குள் கிடந்தான். வன்னிக்குப் போகும் பாதையை மறுபடி மூடிய பிறகு அவனை நான் காணவில்லை.

அவனைப் பற்றிக் கண்டியில் யாருக்கும் தெரியாது. வன்னியில் எனக்கு ஒரு சகோதரம் இருக்கிறது என்பது அந்த நாட்களில் வெளியில் சொல்லக்கூடிய விஷயமாக இருக்கவில்லை. மெசின் திருத்துகிறவன் என்று நாங்கள் சொன்னால், கேட்கிறவர் யாருடைய மெசினை என்று கேட்பார். தமிழர் வீடுகளைப் பதிவுசெய்ய வந்த பொலிஸ்காரர் நீட்டிய படிவத்தில் "உறவினர்" என்ற இடத்தில் என் கணவர் கொழும்பில் உள்ள தன் பெரியப்பாவின் பெயரை மட்டும் எழுதினார். ஜனவரியில் கிளிநொச்சி பிடிபட்ட அன்று எங்கள் கந்தோரில் பாற்சோறு பங்கிட்டார்கள். என் மேசைக்கும் ஒரு துண்டு, கட்டைச் சம்பலோடு வந்தது. கொண்டுவந்து தந்தவர் நல்ல மனிதர், எங்கள் பகுதியின் பியோன். நான் அதைச் சாப்பிட்டேன்.

நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவளாக வேலை பார்த்தேன். கணினி வந்துவிட்டது, ஆனாலும் பழைய தாள்களைப் பார்த்து மையால் பிரதி எடுக்கும் வேலை கொஞ்சம் மிச்சம் இருந்தது. செய்தி வந்த மறுநாள் திங்கட்கிழமை, கடுகண்ணாவைப் பக்கத்து மலைகளின் சமவுயரக் கோடுகளை வரைந்துகொண்டிருந்தேன். ஒன்றோடொன்று முட்டாமல் மயிரளவு இடைவெளியில் போகவேண்டிய கோடுகள். கை நடுங்கினால் தாள் முழுவதும் வீண். என் கை நடுங்கவே இல்லை. பகுதித் தலைவர் வந்து பார்த்து, "உங்களுடைய கோடு மாதிரி ஒருவருக்கும் வராது, மிஸ்" என்று சிங்களத்தில் சொன்னார். நன்றி என்றேன்.

நாங்கள் இருவரும் ஒரு முடிவு எடுத்தோம். எதையும் மாற்றக்கூடாது. கந்தோருக்குப் போகும் நேரம், திரும்பும் நேரம், உடுக்கும் நிறம் எல்லாம் முன்பு போலவே இருக்கவேண்டும். மாற்றினால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். அதனால்தான் நீந்தப் போவதையும் நான் நிறுத்தவில்லை.

நீச்சலைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏரிக்கரையிலிருந்து மேலே ஏறும் ஒரு வீதியில் ஒரு பழைய ஹோட்டல் இருந்தது. போர் காரணமாக வெள்ளைக்காரர் வரவு நின்றுபோய், அறைகள் பூட்டிக் கிடந்தன. அதன் அடித்தளத்தில் கூரைக்குக் கீழே பதினைந்து மீற்றர் நீளத்தில் ஒரு நீச்சல் குளம். அதற்கு மேல் மாடியில் நான்கு உடற்பயிற்சிச் சைக்கிள்களும் மூன்று ட்ரெட்மில்களும் இருந்த ஒரு அறை. சும்மா கிடக்கிறதே என்று ஊர் மக்களுக்கு மாதச் சந்தாவில் திறந்துவிட்டார்கள். செவ்வாய், வியாழன் பின்னேரங்களிலும் ஞாயிறு காலையிலும் பெண்களுக்கு மட்டும். அந்த நேரத்தில் கண்ணாடிக் கதவுகளுக்குக் குறுக்கே மேசை விரிப்புகளைக் கட்டி மறைத்துவிடுவார்கள். எனக்கு இரத்த அழுத்தம் ஏறிப்போய், நடக்கவோ நீந்தவோ வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீதியில் நடந்தால் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடக்கவேண்டிய காலம். ஆகவே நீச்சல்.

அங்கே எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தார். கண்டி நகரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண், ஐம்பதை எட்டியவர், நான்கு பிள்ளைகளின் தாய், நல்ல பருமன். எல்லோரும் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டார்கள். அவர்களுடைய தமிழில் அக்காவுக்குத்தான் தாத்தா என்பது. முதல் நாள் யாரோ "தாத்தா குளிக்கிறா" என்றபோது பெண்கள் நேரத்தில் கிழவர் எப்படி உள்ளே வந்தார் என்று நான் பயந்து திரும்பிப் போகப் பார்த்தேன். அதைக் கேள்விப்பட்டுத் தண்ணீருக்குள் நின்றபடியே அவர் வெகுநேரம் சிரித்தார். அன்று தொடங்கிய பழக்கம். என்னை அவர் மிஸ் என்பார். நான் அவரைத் தாத்தா என்பேன்.

எங்களுக்கு நீச்சல் பழக்கியவர் ஒரு சிங்களப் பெண். முப்பது வயது இருக்கும். பாடசாலைக் காலத்தில் மாகாணப் போட்டிகளில் நீந்தியவர். பொறுமைசாலி. என் வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, "நான் விடமாட்டேன், முகத்தைத் தண்ணீருக்குள் வையுங்கள்" என்று சொல்லிச் சொல்லித்தான் எனக்கு மிதக்க வந்தது. அவருடைய அண்ணா இராணுவத்தில் இருந்தார், வடக்கில் நின்றார். மற்றவர்கள் கைபேசியை அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் குளத்தடிக்கு வருவோம். அவர் மட்டும் தன்னுடையதைப் பொலித்தீன் பைக்குள் போட்டு இடுப்பில் செருகியிருப்பார்.

செய்தி வந்து ஒரு கிழமை கழித்து, செவ்வாய் பின்னேரம் போனபோது உடைமாற்றும் அறையில் தாத்தா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், ஒங்கட பேரையும் போட்டுட்டன்."

"எதுக்கு?"

"போட்டி வைக்கப் போறாங்களாம். மொதல்ல நீந்தற, பொறகு சைக்கிள், பொறகு ஓடற. எல்லாம் உள்ளுக்குள்ளயே. எட்டுப் பேர் வேணுமாம். ஏழு பேர்தான் ஈந்த. நானும் பேர் குடுத்தீக்கிறன் மிஸ், எனக்கே வெக்கமா ஈக்கிது."

"என்ன நாள்?"

"வார ஞாயிறு இல்ல. அதுக்கு மத்த ஞாயிறு, காலையில எட்டு மணிக்கு."

நான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். அவன் இறந்த வெள்ளிக்கிழமை முதல் நாள் என்றால் அந்த ஞாயிறு முப்பத்தோராம் நாள். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வழக்கப்படி இறந்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யும் நாள்.

"என்ன மிஸ், அண்டைக்கு எங்கயும் போறீங்களா?"

போகிறேன் என்றால் எங்கே என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். ஆனாலும் கேட்பார்.

"இல்லை தாத்தா. வாறன்" என்றேன்.

இரவு சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன்.

"அண்டைக்கு அந்தியேட்டி எல்லோ?" என்றார்.

"ஓம். தெரியும்."

"காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டு நில்லும்."

"நிண்டு என்ன செய்யிறது?"

கீழ் வீட்டில் வீட்டுக்காரர் குடும்பம் இருந்தது. ஐயரை வரவழைத்து வீட்டில் எதுவும் செய்ய முடியாது. நாலு பேர் வந்து போனாலே கேள்வி வரும். ஊர் என்றால் கீரிமலைக்குப் போயிருப்போம். கேணியில் முழுகிவிட்டு வந்து சமைத்துப் படைத்திருப்போம்.

"நான் கோயிலுக்குப் போய் ஒரு மோட்ச விளக்கு வைக்கிறன்" என்றார் கடைசியில். "நீர் போம். கலியாணம் கட்டிப்போன சகோதரத்துக்குத் துடக்குத் தீட்டு மூண்டு நாள்தான் எண்டு என்ர அம்மா சொல்லுறவ. அது எப்பவோ முடிஞ்சுது. நீர் போனால் உமக்கு அந்த நேரம் எண்டாலும் போகும்."

அடுத்த இரண்டு கிழமையும் தாத்தாவும் நானும் பயிற்சி எடுத்தோம். பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பத்து நிமிடம் நிற்காமல் நீந்திப் பார்ப்பது, சைக்கிளில் ஏறிக் கால் நோகும் வரை மிதிப்பது. ட்ரெட்மில்லில் தாத்தா இரு பக்கக் கம்பியையும் இறுக்கிப் பிடித்தபடி நடப்பார்; பட்டி கொஞ்சம் வேகமெடுத்தால் "யா அல்லாஹ், இது என்னக் கொண்டு போகுது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். சிரித்தேன்.

அந்த ஞாயிறு நானும் கணவரும் ஒரே பஸ்ஸில் புறப்பட்டோம். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தபடியால் எங்களை வரிசைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். இளம் சிப்பாய் ஒருவன் கணவரின் கையில் இருந்த சின்னப் பையைத் திறந்தான். தேங்காய், கற்பூரம், நல்லெண்ணெய்ப் போத்தல். எண்ணெயை மணந்து பார்த்தான். "கோயிலுக்கு" என்றார் அவர். என் பையில் துவாய், நீளக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை, ஒரு சோடிச் சப்பாத்து. சப்பாத்தை ஏன் பையில் கொண்டுபோகிறாய் என்று கேட்டான். பெண்களுக்கான ஒரு போட்டி, நீந்தி, சைக்கிள் ஓடி, பிறகு ஓடவேண்டும் என்று சிங்களத்தில் விளக்கினேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். நாற்பத்திரண்டு வயது, மூக்குக் கண்ணாடி, முன்நெற்றியில் நரை. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஜயவேவா, அக்கே" என்றான். வெற்றி உண்டாகட்டும், அக்கா. அந்த மாதங்களில் பதாகைகளிலும் மதில்களிலும் எழுதியிருந்த அதே சொல். அவன் எனக்காகத்தான் சொன்னான். நான் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன்.

நகரில் இறங்கி அவர் கோயில் பக்கம் போனார். நான் ஏரியைச் சுற்றி மேலே ஏறினேன்.

எட்டுப் பேரும் வந்திருந்தோம். இரண்டு ஆசிரியைகள், ஒரு தாதி, வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண், தாத்தாவும் தாத்தாவின் மச்சியும், கல்லூரி மாணவி ஒருத்தி, நான். விதி இதுதான்: பத்து நிமிடம் நீச்சல், இருபது நிமிடம் சைக்கிள், பதினைந்து நிமிடம் ஓட்டம். நேரத்துக்குள் யார் எவ்வளவு தூரம் போனார் என்று பயிற்சியாளர் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வார். குளம் சிறியது என்பதால் நால்வர் நால்வராக இறங்கினோம்.

தண்ணீர் குளிராக இருந்தது. விசில் ஊதியதும் நீந்தத் தொடங்கினேன். எனக்கு வேகம் கிடையாது. ஆனால் ஒரே அளவில் நீந்துவேன். நாலு கை போட்டு ஒரு மூச்சு. தண்ணீருக்குள் என் மூச்சின் குமிழிச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. சுவரைத் தொடும்போதெல்லாம் எண்ணினேன். எட்டாவது தடவை சுவரைத் தொட்டபோது, இன்றைக்காவது தம்பியை நினைக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வந்தது அந்த ஸ்வெட்டர்தான். மண்ணிறம், முழங்கையில் நூல் பிரிந்தது. அதற்கு மேல் முகம் வரவில்லை. ஒன்பது என்று எண்ணினேன். பிறகு பத்து. விசில் ஊதியபோது பதினான்கு தடவை போயிருந்தேன்.

உடுப்பு மாற்றி மாடிக்கு ஏறப் பத்து நிமிடம் தந்தார்கள். நான் காலைச் சரியாகத் துடைக்காமல் காலுறையையும் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டேன்.

மேல் அறையில் சைக்கிள்களுக்கு முன்னால், சுவரில் உயரத்தில் ஒரு தொலைக்காட்சி. சத்தம் குறைத்து ஓடிக்கொண்டிருந்தது. செய்தி. வடக்கின் கிழக்குக் கரையைக் காட்டும் ஒரு வரைபடம் திரை முழுவதும் வந்தது. மூன்று பக்கமிருந்தும் அம்புக்குறிகள். நடுவில் சிவப்பில் கடலோரமாக ஒரு சின்னத் துண்டு. நான் மிதித்துக்கொண்டே அதைப் பார்த்தேன். படத்தில் அளவுத்திட்டம் போடவில்லை என்பதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. அளவுத்திட்டம் இல்லாமல் அந்தத் துண்டு எத்தனை மைல் என்று சொல்ல முடியாது. களப்பை வரைந்தவர் கரையைத் தவறாக வளைத்திருந்தார். எங்கள் கந்தோரில் என்றால் அதைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அந்தச் சிவப்புத் துண்டுக்குள்தான் தம்பியின் மனைவியான என் மச்சாளும் பிள்ளைகளும் இருந்தார்கள். அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, ஒன்றையொன்று தொடவில்லை.

பயிற்சியாளர் கொப்பியோடு நின்று அந்தப் படத்தைத் தானும் பார்த்தார். கை தன்பாட்டில் இடுப்பிலிருந்த கைபேசியைத் தொட்டது. பிறகு ஒரு கதிரையில் ஏறி அலைவரிசையை மாற்றினார். யாரோ ஒரு பெண் கேக்குக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தார். மீதி நேரம் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு மிதித்தோம்.

ட்ரெட்மில் மூன்றுதான் என்பதால் மூன்று தடவையாக ஓடினோம். நான் கடைசித் தடவையில், மாணவியோடு. தாத்தா அதற்குள் நடந்து முடித்துவிட்டு, முகமெல்லாம் சிவந்து, சுவரோடு ஒரு கதிரையில் இருந்தார். பட்டி நகர்ந்தது, ஓடினேன். முன்னால் வெள்ளைச் சுவர். பச்சை எண்கள் கூடிக்கொண்டு போயின. களைப்பு வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வேகத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். நான் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஓடியதே இல்லை. கால்கள் வேறு யாருடையவோ போல அடியில் போய்வந்துகொண்டிருந்தன.

விசில் ஊதியதை நான் கேட்கவில்லை. பக்கத்தில் மாணவி இறங்கிவிட்டாள் என்பதையும் காணவில்லை. முதுகில் ஒரு கை பட்டது. "மிஸ், முடிந்தது. போதும்" என்று பயிற்சியாளர் சொல்லி, தானே எட்டி மெசினை நிறுத்தினார். பட்டி நின்ற பிறகும் இரண்டு மூன்று அடி வைத்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

தாத்தாதான் முதலில் கண்டார். "மிஸ், ஒங்கட கால்."

கறுப்புப் பட்டியில் ஈரமாக ஏதோ பூசியிருந்தது. வலது சப்பாத்தின் பின்பக்கம் சிவந்திருந்தது. ஈரக்காலோடு ஓடியதில் குதிகால் தோல் உரிந்து, அதற்கு மேலும் ஓடியிருக்கிறேன். எனக்கு நோகவில்லை.

தாத்தா என்னைக் கையில் பிடித்துக் கீழே உடைமாற்றும் அறைக்குக் கூட்டிப்போனார். வாங்கில் இருத்தி, தானே கீழே குந்தி, சப்பாத்தைக் கழற்றினார். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றி மெதுவாக எடுத்தார்.

"நோகுதா?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லை தாத்தா."

அவர் என் காலைத் தன் மடியில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் காயத்துக்கு எண்ட மக எண்டா ஊரக் கூட்டியிருப்பா. மிஸ், நீங்க கொஞ்ச நாளா இங்க இல்ல. ஒடம்பு மட்டும்தான் வருது. வீட்டுல என்ன சரி நடந்தா?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். "தம்பி செத்துப்போனான்" என்று வந்தது.

"எந்தத் தம்பி?"

"எனக்கு ஒரு தம்பி. வன்னியில. செல் விழுந்து. இண்டைக்கு முப்பத்தோராம் நாள்."

செய்தி வந்த மூன்று கிழமையில் இதை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. வானிலை சொல்வது போல இருந்தது என் குரல்.

தாத்தா சத்தம் போடவில்லை. மரணம் கேட்டால் அவர்கள் சொல்லும் மௌத்து வாசகத்தை உதட்டுக்குள் ஓதினார். எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். பிறகு குளியலறைப் பக்கம் போய் மூன்று ஷவரையும் முழுதாகத் திறந்துவிட்டார். தண்ணீர் சீமெந்தில் விழுந்து பெரிய சத்தம் எழுந்தது. திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்து, என் தலையைத் தன் தோளில் சாய்த்தார்.

"அழுங்கொ மிஸ். வெளிய கேக்காது."

நான் அழப் பார்த்தேன். முகத்தைச் சுருக்கிக்கூடப் பார்த்தேன். அவருடைய முழுக்கைச் சட்டையில் குளோரின் மணமும் சவர்க்கார மணமும் வந்தன. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள் குலுங்குவது தெரிந்தது. என் தம்பிக்காக, அவனை ஒருநாளும் கண்டிராத தாத்தா அழுதார். நான் அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"பிள்ளைகள் ஈக்கா?" என்று பிறகு கேட்டார்.

"ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். எட்டும் அஞ்சும்."

"பேர்?"

சொன்னேன். அவர் இரண்டு பெயரையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கதவைத் தட்டினார்கள். தாத்தா ஷவர்களை மூடி, முகத்தைக் கழுவி, கதவைத் திறந்து, "மிஸ்ஸுக்குக் கால் வெட்டிப்போய்விட்டது. பஞ்சும் மருந்தும் தாருங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். தாதி வந்து கட்டுப் போட்டார். பயிற்சியாளர் என் முன்னால் வந்து நின்று மன்னிப்புக் கேட்டார். தான் முன்பே பார்த்திருக்கவேண்டும் என்றார். அவருடைய கண்ணும் சரியாக இருக்கவில்லை. நித்திரை கொள்ளாத கண். அவரிடம் "உங்கள் அண்ணா எப்படி?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. "நேற்று போன் எடுத்தார். இருக்கிறார்" என்றார். நல்லது என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன் என்று நம்புகிறேன்.

நான் மூன்றாம் இடம். கல்லூரி மாணவி முதல், தாதி இரண்டாவது. ஹோட்டல் முகாமையாளர் சான்றிதழும் ஆளுக்கொரு துவாயும் தந்தார். தாத்தாவுக்கு ஏழாம் இடம்; அவருடைய மச்சி எட்டாவது; அதில் தாத்தாவுக்குத் திருப்தி. எல்லோரும் குளத்தடியில் நின்று படம் எடுத்தோம். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு காலில் செருப்பும் மற்றக் காலில் வெள்ளைக் கட்டுமாக நிற்கிறேன். சிரிக்கிறேன். படத்தைப் பார்க்கிற எவரும் சந்தோஷமான பெண் என்றே சொல்வார்கள்.

பஸ் நிலையத்தில் கணவர் காத்திருந்தார். நெற்றியில் விபூதி. என் காலைப் பார்த்து, "என்ன நடந்தது?" என்றார். சொன்னேன். "விளக்கு வைச்சாச்சோ?" என்று கேட்டேன்.

"வைச்சாச்சு. ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டவர். நான் பேரை மெல்லமாச் சொன்னன். என்ன மாதிரி நடந்தது எண்டு அவர் கேக்கேல்லை. இப்ப கிழமைக்கு நாலைஞ்சு பேர் இப்பிடி வந்து மெல்லமாச் சொல்லினமாம்."

"ஆர் ஆர்?"

"அதை நான் கேக்கேல்லை."

பஸ்ஸில் அவர் எனக்கு யன்னல் பக்கத்தைத் தந்தார். தாத்தாவிடம் சொல்லிவிட்டேன் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் அவரிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். "நல்லது. ஒராளுக்கெண்டாலும் தெரியட்டும்" என்றார். காலில் வலி தொடங்கியது செவ்வாய்க்கிழமைதான். அன்று செருப்போடு கந்தோருக்குப் போனேன்.

தாத்தா யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வரை தன் கணவரிடம்கூட. ஆனால் வியாழக்கிழமைகளில் என் பைக்குள் ஏதாவது சுற்றி வைப்பார். வட்டிலப்பம், சில வேளை இறைச்சி ரொட்டி. நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று சொன்ன பிறகு வட்டிலப்பம் மட்டும்.

மே மாதத்தில் போர் முடிந்தது. கண்டி முழுவதும் வெடி கொளுத்தினார்கள். மச்சாளும் பிள்ளைகளும் வவுனியாவுக்கு அப்பால் ஒரு முகாமில் இருப்பதாக ஜூலையில் கடிதம் வந்தது. பார்க்க அனுமதி கிடைத்ததும் புறப்பட்டோம். தாத்தா எட்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் என்று கடையிலிருந்து ஒரு பெரிய பார்சல் கட்டித் தந்தார். சட்டைகள், உள்ளாடை, துவாய், மச்சாளுக்கு வீட்டில் உடுக்க நீளச் சட்டைகள்.

முட்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாள் நின்றார். இரு பக்கமும் நூற்றுக்கணக்கான பேர். எல்லோரும் கத்திப் பேசினார்கள். பிள்ளைகளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நாங்கள் கத்திக் கத்திக் கால் மணி நேரம் பேசினோம். அவனை எங்கே புதைத்தார்கள் என்று சொன்னார். ஒரு பாடசாலைக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவில். மறுநாள் அங்கேயிருந்தும் ஓட வேண்டியதாகப் போனது.

"எட்டாம் நாள் செலவுமில்லை, அந்தியேட்டியுமில்லை" என்றார். "அங்கை ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு. நீங்கள் ஏதும் செய்தனீங்களோ, மச்சாள்?"

"அவர் கோயிலில மோட்ச விளக்கு வைச்சவர்" என்றேன்.

"சரியா முப்பத்தோராம் நாளோ?"

"ஓம். சரியா அண்டைக்கு."

மச்சாள் தலையை ஆட்டினார். கம்பியைப் பிடித்திருந்த விரல்களைக் கொஞ்சம் தளர்த்தினார். நான் எங்கே போயிருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தாத்தாவின் சட்டைகள் பிள்ளைகளுக்குப் பெரிதாகிவிட்டன என்று மச்சாள் பிறகு எழுதியிருந்தார். இருவரும் அந்த வயதுக்கு உரிய அளவில் வளர்ந்திருக்கவில்லை. அடுத்த வருடம் அவர்களை ஊருக்குப் போகவிட்டார்கள். மச்சாள் கிளிநொச்சிக்கே திரும்பித் தகரக் கொட்டில் போட்டு, பிறகு கல்வீடு கட்டினார். மூத்தவள் இப்போது தாதியாக வேலை பார்க்கிறாள்.

போர் முடிந்து ஒரு வருடத்தில் ஹோட்டலுக்கு வெள்ளைக்காரர் திரும்பி வந்தார்கள். அறைகளுக்கு நிறம் அடித்தார்கள். பெண்கள் நேரத்தை முதலில் ஒரு நாளாகக் குறைத்தார்கள். பிறகு மன்னிக்கவும் என்று ஒரு கடிதம் வந்தது. பயிற்சியாளர் கல்யாணம் முடித்து மாத்தறைப் பக்கம் போய்விட்டார். அவருடைய அண்ணாவும் கல்யாணத்தில் இருந்தார் என்று தாத்தா சொன்னார். தாத்தாவுக்கு அழைப்பு வந்திருந்தது.

இப்போது நானும் தாத்தாவும் கிழமைக்கு இரண்டு காலை ஏரியைச் சுற்றி நடக்கிறோம். அவருக்கு முழங்கால் நோவு. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழும்பவேண்டும். எனக்கு அழுகை இன்னும் வரவில்லை. ஒருநாள் அவர் அதைக் கேட்டார். வரவில்லை என்றேன். "சரி" என்றார். பிறகு கடையில் புதிதாக வந்திருக்கும் துணியைப் பற்றியும், இரண்டாவது பேத்திக்குப் பால் பல் விழுந்ததைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். நான் கேட்டுக்கொண்டு நடந்தேன்.